பங்குனியில கம்பன், பண்டிகைக்கு டிவி பட்டிமன்றம்: நம்மகிட்ட கவிதைத் திருவிழாவே கிடையாதா?

மார்ச் 21, 2025 (கேள்வி)

இன்னிக்கு உலகக் கவிதை நாளாம், ஆபீஸ் குரூப்ல ஒருத்தர் போட்டாரு. நான் இருக்கறது நியூஜெர்சி. இங்க ஏப்ரல் மாசம் பூரா கவிதை மாசம்னு 1996லேர்ந்து கொண்டாடறாங்க, லைப்ரரி, ஸ்கூல், காபி கடைன்னு எங்க பாத்தாலும் ஒரு வாசிப்பு, ஒரு பேச்சு. நம்ம ஊர்ல கவியரங்கம்னா தலைவர் பிறந்தநாள், பட்டிமன்றம்னா பொங்கல் தீபாவளிக்கு டிவில மாமியார் மருமக ஜோக். சாதாரண ஜனங்க உக்காந்து இலக்கியம் கேக்கற ஒரு திருவிழா நம்மகிட்ட கிடையவே கிடையாது. இருந்தா சொல்லுங்க பாப்போம்.

மார்ச் 21, ராத்திரி (பதில்)

ஒரே போடா போட்டுட்டீங்களே தம்பி. காரைக்குடி பக்கம் வந்ததே இல்லையா? பங்குனி மகம், பூரம், உத்திரம் மூணு நாளும் காரைக்குடியில, அடுத்த நாள் அத்தத்துக்கு நாட்டரசன்கோட்டையில, அதுதான் கம்பன் விழா. 1939ல ஆரம்பிச்சது. உங்க அமெரிக்கக் கவிதை மாசத்துக்கு 57 வயசு மூத்தது. கவியரங்கம், பட்டிமன்றம், தனி உரை எல்லாம் அங்க உண்டு, டிக்கெட்டு கிடையாது. வேலை கெடக்கு, நாளைக்கு விவரமா எழுதறேன்.

மார்ச் 22

ஏன் பங்குனி, ஏன் அத்தம்னு கேட்டிருக்கீங்க. "எண்ணிய சகாத்தம் எண்ணூற்று ஏழின்மேல்"னு ஒரு பழைய தனிப்பாட்டு இருக்கு, கம்பர் ராமாயணம் பங்குனி அத்தத்தன்னிக்கு ஸ்ரீரங்கத்துல அரங்கேறிச்சுன்னு அதுல வருது. சக வருசம் 807ன்னா கி.பி. 885. ஆனா கம்பர் 9ஆம் நூற்றாண்டா 12ஆம் நூற்றாண்டான்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் மல்லுக்கட்டிக்கிட்டுதான் இருக்காங்க, சோழர் அவைப் புலவர் ஒட்டக்கூத்தரோட சேத்துச் சொல்ற கதையெல்லாம் நம்பினா 12ஆம் நூற்றாண்டுப் பக்கம் சாயும். வருசத்துலதான் தகராறு, நாள்ல தகராறு இல்ல, சா.கணேசன் அந்த நாளைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. ஸ்ரீரங்கம் போனா தாயார் சன்னதிப் பக்கம் கம்பர் மண்டபம்னே ஒண்ணு இருக்கு, பாதிப் பேரு அதுல உக்காந்து செருப்புக்குக் காவல் இருப்பாங்க, என்ன மண்டபம்னு தெரியாது.

சா.கணேசன் யாருன்னு தெரியாதவங்களுக்கு: சுதந்திரப் போராட்டக்காரர், காங்கிரஸ்காரர், பின்னாடி ராஜாஜியோட சுதந்திராக் கட்சியில நின்னு 1962ல காரைக்குடி எம்எல்ஏ. இதெல்லாம் இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல, "கம்பன் அடிப்பொடி"ன்னு சொன்னாத்தான் தெரியும். ரசிகமணி டி.கே.சி. (டி.கே.சிதம்பரநாத முதலியார்) புடிக்க வச்ச கம்பன் பைத்தியம், கடைசி வரைக்கும் விடல. அவரப் பத்தி எங்க பக்கம் பெரியவங்க எல்லாரும் மொதல்ல சொல்றது நேரம். ஆள் வந்திருந்தாலும் வராட்டியும் குறிச்ச நிமிசத்துல விழா தொடங்கிரும், பேச்சாளருக்கு நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். தமிழ்நாட்டுல மேடை போட்டு நிமிசக் கணக்குல கூட்டம் நடத்தறதுன்னா என்னன்னு மேடைப் பக்கம் நின்னவங்களுக்குத்தான் தெரியும். கம்பன் மண்டப வளாகத்துலயே தமிழ்த்தாய்க்குக் கோயில் வேற கட்டணும்னு ஆசைப்பட்டாரு, திறந்தது 1993ல, அவரு 1982லயே போயிட்டாரு.

டி.கே.சி. கதை தனி. பாட்டை ரசிச்சு ரசிச்சு, நிறுத்தி நிறுத்தி, ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொல்வாராம். அதே மனுசன் தனக்குப் புடிக்காத பாட்டெல்லாம் கம்பரோடது இல்ல, எவனோ சொருகினதுன்னு ஆயிரக்கணக்குல தள்ளிட்டாரு. பத்தாயிரத்துக்கு மேல இருக்கற நூல்ல பெரும்பகுதி போச்சு. பண்டிதருங்க கொதிச்சுப் போனாங்க. எனக்கென்னவோ அந்தத் துணிச்சல் புடிக்கும், முடிவு புடிக்காது.

மார்ச் 23

"உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும், தமிழ் வாத்தியாரா?"ன்னு ஒரு கேள்வி. இல்லங்க, அச்சகம் வச்சிருக்கேன். காரைக்குடி இல்ல, பக்கத்து ஊரு. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, இலக்கிய விழா அழைப்பிதழ், எல்லாம் ஒரே மெசின்ல ஓடும். தமிழ் இலக்கிய விழாவ நான் கீழேர்ந்து பாக்கறேன், அதாவது நோட்டீஸ் வழியா.

நோட்டீஸப் பாத்தே விழா எப்படி இருக்கும்னு சொல்லிருவேன். தலைமை ஒருத்தர், முன்னிலை பதினாறு பேரு, வரவேற்புரை, வாழ்த்துரை ஒம்போது பேரு, அதுக்குக் கீழ எங்கயோ குட்டி எழுத்துல "சிறப்புரை"ன்னு ஒரு பேரு, அவருதான் பேச வர்றவரு. முன்னிலைன்னா என்ன வேலைன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, முன்னால இருக்கணும், பொன்னாடை வாங்கணும், பாதியில எந்திரிச்சுப் போகணும். ஒருதடவை ஒரு மன்றத்துக்கு (பேரு வேணாம்) கவியரங்க அழைப்பிதழ், புரூஃப் ஓகே ஆகி பிளேட்டும் போட்டாச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு போன். புரவலர் ஒருத்தர் பேரு இன்னொருத்தர் பேர விட எழுத்து அளவுல அரைப் பாயிண்ட் சின்னதா இருக்காம். ஸ்கேல் வச்சு அளந்திருக்காரு மனுசன். பிளேட்டை மாத்திப் போட்டுக் குடுத்தேன். கவிஞருங்க பேருல ஒண்ணு எழுத்துப்பிழையா இருந்துச்சு, அதை அவங்க யாருமே கவனிக்கல, நாந்தான் திருத்தினேன்.

ஆக தம்பி சொல்றது முழுக்க இல்லாதது இல்ல. நம்ம ஊர்ல நடக்கற பாதிக் கவியரங்கம் பொன்னாடைக்காக நடக்கறது. ஒத்துக்கறேன்.

மார்ச் 25

இது கொஞ்சம் நீளம், பொறுமை இருக்கறவங்க படிங்க.

டிவி பட்டிமன்றத்துக்கும் பழைய கம்பன் விழா பட்டிமன்றத்துக்கும் வித்தியாசம் சிரிப்புன்னு நெறைய பேரு நினைக்கறாங்க. அங்க சீரியஸா பேசுவாங்க, இங்க ஜோக்குன்னு. சுத்தப் பொய். அங்கயும் வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கோம். வித்தியாசம் எங்கன்னா, அங்க ஒருத்தர் என்ன சொன்னாலும் "பாட்டு எங்க?"ன்னு கேப்பாங்க. எதிர் அணி கேக்கும், நடுவர் கேப்பாரு, சில சமயம் ஜமக்காளத்துல உக்காந்திருக்கறவனே கேப்பான். ராமன் நல்லவன்னா அதுக்குப் பாட்டு வேணும், கெட்டவன்னாலும் வேணும். உன் அபிப்பிராயத்த நீ வீட்டுலயே வச்சுக்க.

நான் வயசுப் புள்ளையா இருக்கறப்ப எங்க பக்கத்து சின்ன ஊர் ஒண்ணுல கேட்ட ஒரு பட்டிமன்றம் சொல்றேன். தலைப்பு வழக்கமானதுதான், வாலியை மறைஞ்சு நின்னு கொன்னது சரியா தப்பா. குன்றக்குடி மடாதிபதி அடிகளார் மாதிரிப் பெரியவங்க நடுவரா உக்காந்து ஊர் ஊரா பரப்பின வடிவம் அது, எங்க ஊரு வரைக்கும் வந்து சேந்துச்சு. எனக்குப் பக்கத்துல ஒரு ரிட்டயர்டு கோர்ட் குமாஸ்தா, வெத்தலப் பெட்டியோட.

தப்புன்னு பேசின அணிக்காரரு எந்திரிச்சதும் வாலி ராமனைக் கேக்கற பாட்ட எடுத்தாரு:

கோஇயல் தருமம் உங்கள் குலத்துஉதித் தோர்கட்கு எல்லாம்
ஓவியத்து எழுத ஒண்ணா உருவத்தாய் உடைமை அன்றோ
ஆவியை சனகன் பெற்ற அன்னத்தை அமிழ்தின் வந்த
தேவியைப் பிரிந்த பின்னை திகைத்தனை போலும் செய்கை

பெண்டாட்டியப் பிரிஞ்சதுல புத்தி தடுமாறிப் போச்சா உனக்குன்னு நேருக்கு நேரா கேக்கறான், நெஞ்சுல அம்பு தச்சுக் கெடக்கறவன். "ஓவியத்து எழுத ஒண்ணா உருவத்தாய்"னு நடுவுல ஒரு புகழ்ச்சி வேற, திட்டறப்பவும் அழகப் பாத்துக்கிட்டே திட்டறான். அந்த இடத்துல அவரு குரல இறக்கினாரு பாருங்க, கூட்டம் "ஆகா"ன்னுச்சு.

சரின்னு பேச வந்த அணிக்காரரு லேசுப்பட்ட ஆளு இல்ல. லட்சுமணன் சொல்ற பதில எடுத்தாரு. உன் தம்பி முதல்ல வந்து சரணடைஞ்சிட்டான், உன்னக் கொல்றேன்னு வாக்குக் குடுத்தாச்சு, எதிர்ல வந்து நின்னா நீயும் உயிர்மேல ஆசப்பட்டு "அடைக்கலம் யானும்"னு விழுந்திட்டா என்ன பண்றது, அதுக்குத்தான் "அண்ணல் மறைந்து நின்று எய்தது"ன்னு. உடனே எதிர் அணிலேர்ந்து ஒருத்தர் உக்காந்த இடத்துலேர்ந்தே, "இத ராமன் சொன்னானா, தம்பி சொன்னானா? கேட்டது ராமன, பதில் சொல்றது லட்சுமணன், கட்சிக்காரன் ஏன் கூண்டு ஏற மாட்டேங்கறான்?" அவ்ளோதான், அஞ்சு நிமிசம் ஒண்ணும் காதுல விழல.

நடுவர் தீர்ப்புல, ரெண்டு பக்கமும் பேசிட்டு, வழக்குப் போட்டவனே வாபஸ் வாங்கிட்டான்யான்னாரு. "ஆவி போம் வேலைவாய் அறிவு தந்து அருளினாய்"னு வாலியே கடைசில கும்பிட்டுட்டான், அப்புறம் நாம யாரு கேக்கன்னு. கைதட்டு. என் பக்கத்துக் குமாஸ்தா மட்டும் வெத்தலயத் துப்பிட்டு வந்து சத்தமா, "ஐயா, வாபஸ் வாங்கினதையும் மரண வாக்குமூலமா எடுக்கறீங்களே, மொதல்ல திட்டினதும் அதே மரண வாக்குமூலந்தானே, அம்பு ஏற்கெனவே தச்சாச்சு, எத எடுப்பீங்க?" நடுவர் சிரிச்சுட்டு, மேல்முறையீட்டுக்கு அடுத்த வருசம் வாங்கன்னுட்டாரு.

வீட்டுக்கு வந்து நான் மொத வேலையா அப்பா அலமாரியில கிட்கிந்தா காண்டம் தேடினேன். அதுவரைக்கும் கம்பன் எனக்குப் பத்து மார்க் மனப்பாடப் பகுதி, அவ்வளவுதான்.

மார்ச் 25, கொஞ்ச நேரம் கழிச்சு

கோர்ட்டுன்னதும் ஞாபகம் வருது, சென்னைக் கம்பன் கழகத்த வளத்தவரு நீதிபதி மு.மு.இஸ்மாயில், சென்னை ஐகோர்ட்டு தலைமை நீதிபதியா இருந்தவரு. வாலி வதத்தப் பத்தித் தனிப் புத்தகமே எழுதினவரு. ஒரு முஸ்லிம் நீதிபதி ராமன் மேல இருக்கற கேஸ பக்கம் பக்கமா விசாரிச்சிருக்காரு. இத வேற எந்த ஊருக் கவிதை மாசத்துல பாக்க முடியும், சொல்லுங்க.

மார்ச் 29

எதிர்பாத்ததுதான். "கம்பன் விழாங்கறது ராம பக்திப் பிரச்சாரம், அதைப் பொதுமக்கள் இலக்கியம்னு சொல்லாதீங்க"ன்னு ஒரு நண்பர். கோவமா எழுதியிருக்காரு, ஆனா விசயம் இருக்கு, அதனால பதில்.

1943 பிப்ரவரியில சென்னை சட்டக் கல்லூரியில ஒரு சொற்போர் நடந்துச்சு. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தணும்னு அண்ணா ஒரு பக்கம், கூடாதுன்னு தமிழறிஞர் ரா.பி.சேதுப்பிள்ளை ஒரு பக்கம். அடுத்த மாசமே சேலத்துல நாவலர் சோமசுந்தர பாரதியாரோட மறுபடி. அந்தப் பேச்சுக்கள்தான் "தீ பரவட்டும்"னு புத்தகமா வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரு காவியத்த எரிக்கலாமா வேணாமான்னு ஜனங்களக் கூட்டி வச்சு மேடையில வாதாடியிருக்காங்க. கொளுத்தணும்னு பேசினவரும் கம்பனப் படிச்சுட்டு வந்துதான் பேசினாரு, பாட்டு நம்பரோட. எரிக்கறதுக்கும் பாட்டு வேணும்!

என்னோட கணக்கு இதுதான்: கம்பன உயிரோட வச்சிருந்தது பக்தி இல்ல, சண்டை. பக்தி மட்டும் இருந்திருந்தா கோயில் பிரகாரத்துல பாராயணமா நின்னு போயிருக்கும். திராவிட இயக்கம் அடிச்ச அடியிலதான் எதிர்ப் பக்கம் தடவித் தடவிப் படிச்சு பதில் தயார் பண்ணிச்சு. கண்ணதாசன் எங்க பக்கத்து ஆளு, சிறுகூடல்பட்டி. தாக்கறதுக்காகப் படிக்க ஆரம்பிச்சு கம்பன்ல விழுந்தவருன்னு அவரே எழுதியிருக்காரு. கம்யூனிஸ்ட் ஜீவா காரைக்குடி மேடையில ஏறிக் கம்பனப் பேசியிருக்காரு. காங்கிரஸ்காரர் கூட்டின விழாவுல கம்யூனிஸ்ட், மடாதிபதி, நீதிபதி. பக்திப் பிரச்சாரத்துக்கு இத்தன வகை ஆள் எதுக்கு?

இந்தச் சண்டையில ஒரு பக்கம் மட்டும் பேசற மேடைகளும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ராமன் பேரச் சொல்லி மத்தவன மிரட்டற காலம் இது. அதுக்காகத்தான் சொல்றேன், "தப்பு"ன்னு பேச ஒரு நாற்காலி போட்டிருக்கற மேடையப் பத்திரமா வச்சுக்கணும்.

மார்ச் 30

அந்த நண்பர் மறுபடி: "சண்டைன்னு சொல்றீங்க, ஆனா கம்பன் விழாவுல கம்பன் மட்டமான கவின்னு ஒரு தலைப்பு வைப்பாங்களா?" நல்லாக் குத்திட்டாரு. வைக்க மாட்டாங்க. ராமன விசாரிக்கலாம், கம்பன விசாரிக்க முடியாது. நேத்து நான் போட்ட கணக்குல இது ஒரு ஓட்டைதான், எனக்கு இப்ப பதில் இல்ல.

ஏப்ரல் 2

சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தர்: "இங்கயும் ஏப்ரல்தான், தமிழ் மொழி விழா, ஊர் பூரா நிகழ்ச்சி." ஆமாங்க, வளர்தமிழ் இயக்கம் நடத்தறது, 2007லேர்ந்து நடக்குது. அங்க அரசாங்கமே ஒரு மொழிக்குன்னு ஒரு மாசத்த ஒதுக்கிக் குடுத்திருக்கு. எங்க ஊர்ல சீட்டுக் கம்பெனிக்காரரும் நகைக்கடைக்காரரும் நன்கொடை குடுத்தாத்தான் பந்தல். ரெண்டுலயும் ஒரு கஷ்டம் இருக்கு, அரசாங்கம் குடுத்தா ஃபாரம் நிரப்பணும், நகைக்கடை குடுத்தா பேனர்ல பேரு பெருசாப் போடணும். எனக்கு ரெண்டாவதுல வருமானம்.

யாழ்ப்பாணத்துலயும் கொழும்புலயும் கம்பன் கழகம் இருக்கு, விட்டுட்டீங்களேன்னு இன்னொருத்தர். விடல, இனிமேத்தான் சொல்லணும்னு இருந்தேன். 1980ல யாழ்ப்பாணத்துல ஆரம்பிச்சாங்க, இலங்கை ஜெயராஜ் முன்ன நின்னு. அந்தக் காலகட்டத்துல அந்த ஊருல என்னென்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு நடுவுல பட்டிமண்டபம் போட்டிருக்காங்க (அவங்க மண்டபம்னுதான் சொல்வாங்க). அவங்க பேச்சக் கேட்டா நம்மாளுங்க பாட்டு சொல்ற வேகம் பத்தாதுன்னு தோணும். யூடியூப்ல கெடக்கு, கேளுங்க.

ஏப்ரல் 6

ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டு இருக்கு. மேடையப் பத்தியே பேசிட்டு இருக்கேன், கீழ உக்காந்திருக்கறவங்களப் பத்திப் பேசல.

முன்னாடியெல்லாம் பேச்சாளர் பாட்டோட நடுவுல நிறுத்துவாரு. நிறுத்தினா கூட்டம் மிச்சத்தச் சொல்லும். கும்பகர்ணன் வீடணன்கிட்ட சொல்றது, "நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு"ன்னு அவரு நிறுத்தினதும் பின்னாடிலேர்ந்து "உயிர்கொடாது அங்குப் போகேன்"னு ஒரு சத்தம் வரும். சொன்னவன் டீக்கடைக்காரனா இருப்பான், நெல்லு வியாபாரியா இருப்பான். இத்தன நாளு சோறு போட்டு வளத்து, இன்னிக்குப் போருக்கு அலங்காரம் பண்ணி அனுப்பினவனுக்கு உசிரக் குடுக்காம உன்கூட எப்படி வருவேன்னு கேக்கறது, முதலாளி வீட்டுல வேலை பாத்த எவனுக்கும் புரியற விசயம். அதனால அந்தப் பாட்டு ஜனங்க வாயில நின்னுச்சு.

இப்ப பேச்சாளர் நிறுத்தினா அமைதி. அவரே மிச்சத்தையும் சொல்லிட்டு, பொருளும் சொல்லிட்டு, ஒரு வாட்சப் ஜோக்கும் சொல்றாரு. அவரக் குத்தம் சொல்ல முடியுமா? எதிர்ல பதில் வராத இடத்துல மனுசன் என்ன செய்வான். டிவி பட்டிமன்றத்துல மாமியார் மருமக வந்ததும் இதனாலதான்னு நினைக்கறேன், எல்லாருக்கும் தெரிஞ்ச "பாட்டு" அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. வீட்டுக் கதைன்னா யாரும் பாட்டு எங்கன்னு கேக்க முடியாது பாருங்க, அவனவன் வீட்டுல அவனவன் சொல்றதுதான் சாட்சி.

பொம்பளைங்களப் பத்தி ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, மேடையில எத்தன பேருன்னு. நான் அச்சடிச்ச பழைய நோட்டீஸ்ல பாத்தா இறைவணக்கம் பாடறதுக்கும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் மட்டும் "செல்வி"ன்னு ஒரு பேரு வரும். இப்ப அப்படி இல்ல, பட்டிமன்ற அணியில பாதிக்குப் பாதி அவங்கதான், நல்லாவும் பேசறாங்க. ஆனா நடுவர் நாற்காலின்னு வந்தா இன்னும் பெரும்பாலும் மீசைதான். கைகேயி கேஸ ஒரு பொம்பள நடுவர் விசாரிச்சா எப்படி இருக்கும்னு கேக்க ஆசையா இருக்கு. சீதை தீக்குளிக்கற இடத்தையும் சேத்துதான் சொல்றேன். அந்த இடத்துல ராமன் பேசற பேச்ச வச்சுக்கிட்டு, ராமன் பக்கம் பேச எந்த அணியும் முன்வராம தலைப்ப மாத்தின கதை ஒண்ணு தெரியும், அது இன்னொரு நாள்.

ஏப்ரல் 11

இன்னிக்கு உத்திரம். "அண்ணே லைவ் அப்டேட் குடுங்க"ன்னு கேட்டிருக்காங்க. நான் எங்க போறது, சித்திரை முகூர்த்தப் பத்திரிகையெல்லாம் இந்த வாரந்தான் டெலிவரி. வெளிய பங்குனி உத்திரத்துக்குக் காவடி போகுது, உள்ள மெசின்ல சரஸ்வதி துணை ஓடுது. போன ரெண்டு பேருக்கு டிபன் கட்டிக் குடுத்து அனுப்பினேன், வந்து கதை சொல்லணும்னு கண்டிசன்.

ஏப்ரல் 13

அத்தத்தன்னிக்கு நாட்டரசன்கோட்டை ஏன் போகணும்னு கேட்ட தம்பிக்கு. கம்பர் கடைசிக் காலம் அங்கதான்னு நம்பிக்கை, சமாதி இருக்கு. சிவகங்கைக்குப் பக்கம், கண்ணுடையநாயகி அம்மன் கோயில் இருக்கற ஊரு. காரைக்குடி மேடையோட சத்தம் எதுவும் அங்க இருக்காது, அஞ்சலி மாதிரி நடக்கும். அந்தச் சமாதி மண்ண எடுத்துட்டுப் போயி பொறந்த கொழந்த நாக்குல தடவற வழக்கம் உண்டு, தமிழ் வரும்னு. எங்கம்மா எனக்குத் தடவினதாச் சொல்வாங்க. வந்த தமிழ் எனக்கு புரூஃப் பாக்கத்தான் ஆச்சு.

போயிட்டு வந்தவங்க கதை: கூட்டம் பரவாயில்லையாம். ஸ்கூல் பிள்ளைங்கள வேன்ல கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்கார வச்சிருந்தாங்களாம். பாதி செல்போன்ல இருந்துச்சாம். பாதி இல்லைல்ல, அதுதான் கணக்கு.

ஏப்ரல் 23

நேத்து சட்டசபையில முதல்வர் அறிவிச்சிருக்காரு, பாரதிதாசன் பிறந்தநாளான ஏப்ரல் 29லேர்ந்து மே 5 வரைக்கும் தமிழ் வார விழா, கவியரங்கம், கருத்தரங்கம் எல்லாம் உண்டுன்னு. நியூஜெர்சித் தம்பி உடனே "பாத்தீங்களா, நம்ம ஊர்லயும் வந்துருச்சு"ன்னு போட்டிருக்காரு. வரட்டும், நல்லதுதான். எனக்கு வேலையும் வரும்.

ஆனா கவியரங்கத்துல எனக்கு ஒரு மனக்குறை இருக்கு, பட்டிமன்றத்துல இல்லாதது. கவியரங்கத்துல எதிர்க்கட்சி கிடையாது. தலைமைக் கவிஞர் ஒவ்வொருத்தரையும் புகழ்ந்து கூப்பிடுவாரு, அவரு வந்து தலைமைக் கவிஞரப் புகழ்ந்து, மேடையில இருக்கற முன்னிலையெல்லாம் வரிசையாப் புகழ்ந்து, கடைசி நாலு வரியில தலைப்பத் தொடுவாரு. "பாட்டு எங்க?"ன்னு கேக்க முடியாது, அதான் பாட்டுங்கறாரே. எங்க ஊருல ஒரு கவியரங்கத்துல "தமிழே அமுதே"ன்னு பத்தொம்பது பேரு ஆரம்பிச்சாங்க. நான் எண்ணினது இல்ல, மைக்செட் பையன் எண்ணிச் சொன்னான்.

பாரதிதாசனுக்கே விழா எடுக்கறப்ப அவரு மாதிரி யாரையாவது சண்டைக்கு இழுத்துப் பாடினாத்தான் அவருக்கு மரியாதை. எழுத்துலயும் பேச்சுலயும் அவரு சண்டைக்கு அஞ்சின ஆளு கிடையாது.

ஏப்ரல் 24

"கவியரங்கத்த இப்படிச் சொல்லலாமா, நல்ல கவிஞருங்க வர்றாங்க"ன்னு ரெண்டு மூணு பேரு. வர்றாங்க. நல்ல கவிதை மேடையில அப்பப்ப விழும், ஜனங்க அதை உடனே கண்டுபுடிச்சு "மறுபடி மறுபடி"ன்னு கேப்பாங்க, அந்த "மறுபடி" பொய் சொல்லாது. நான் சொல்றது மிச்ச ரெண்டு மணி நேரத்த.

மே 3

தம்பி இன்னிக்கு எழுதினத அப்படியே சுருக்கிச் சொல்றேன்: அங்க அவங்க அபார்ட்மென்ட்டுல எட்டு பத்து தமிழ்க் குடும்பம், இந்த மாசக் கடைசியில கம்யூனிட்டி ஹால்ல சின்னதா ஒரு பட்டிமன்றம் வைக்கலாம்னு யோசனை, எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேக்கறாரு. மார்ச்சுல "கிடையவே கிடையாது"ன்னவரு!

தம்பி, தலைப்பு வாலியே வையுங்க. கும்பகர்ணன்-வீடணன் வேணாம், முதல்தடவையே எல்லாரும் கும்பகர்ணன் பக்கம் சாஞ்சிருவாங்க, எதிர் அணிக்கு ஆள் கிடைக்காது. வாலி வதப் படலம் மட்டும் போதும், கோவைக் கம்பன் அறநிலைப் பதிப்புல உரையோட இருக்கு, ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் முந்தியே குடுத்துருங்க, மேடையில பேசறவங்களுக்கு மட்டும் இல்ல, கேக்க வர்ற எல்லாருக்கும். அதுதான் முக்கியம். பாட்டு கையில இருந்தா கேள்வி தானா வரும். ஆளுக்கு எட்டு நிமிசம், மணியடிக்கப் பத்து வயசுப் பிள்ளைய உக்கார வையுங்க, பெரியவங்க மணியடிச்சா பேச்சாளர் மதிக்க மாட்டான், பிள்ளை அடிச்சா நிறுத்திருவான். பாட்டு சொல்லாம பேசினா ஒரு நிமிசம் கழிச்சிருங்க.

நடுவரா யாரப் போடறதுன்னு கேட்டிருக்கீங்க. உங்க மாமியார் தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்கன்னு போன வாரம் எழுதினீங்களே, அவங்களப் போடுங்க. தீர்ப்பு பதினஞ்சு நிமிசத்துக்கு மேல போனா அவங்களுக்கும் மணி உண்டுன்னு முந்தியே சொல்லிருங்க, நீங்க சொல்லாதீங்க, பிள்ளைய விட்டுச் சொல்லுங்க.

நோட்டீஸ் நான் டிசைன் பண்ணி பிடிஎஃப் அனுப்பறேன், காசு வேணாம். முன்னிலைன்னு ஒரு வரி வராது, கேட்டாலும் போட மாட்டேன். பேசறவங்க பேரு, தலைப்பு, நேரம், பின்பக்கம் ரெண்டு பாட்டு. எல்லாப் பேரும் ஒரே சைஸ்.